சச்சினைத் தெரியாது என்றார் ஷரபோவா: ஒரு துணுக்குச் செய்தி கோபமாக வளர்ந்த கதை

2014 ஜூன் 28, சனிக்கிழமை. லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் முதல் வாரம் முடிகிற நாள். அந்த நடுச் சனிக்கிழமையில் மற்ற விளையாட்டுகளில் பெயர் எடுத்தவர்களை அழைத்து ராயல் பாக்ஸ் என்ற சிறப்பு விருந்தினர் மாடத்தில் உட்காரவைப்பது அங்கே பல வருட வழக்கம். அந்த ஆண்டு வந்தவர்களில் இங்கிலாந்து கால்பந்து வீரர் டேவிட் பெக்காமும் இருந்தார், சச்சின் டெண்டுல்கரும் இருந்தார். ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா அன்று மூன்றாவது சுற்றில் அமெரிக்காவின் அலிசன் ரிஸ்கேயை 6-3, 6-0 என்று வென்றார். ஆட்டம் முடிந்ததும் வழக்கமான பிரெஸ் மீட். பார்க்க வந்திருந்த பிரபலங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. பெக்காமைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். டெண்டுல்கரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றார்.

நடந்தது அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் இந்த ஒற்றைப் பதில் இந்தியச் செய்தித் தளங்களில் தலைப்பாகிவிட்டது. ‘ஹூ இஸ் மரியா ஷரபோவா’ என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் டிரெண்டிங்கில் ஏறியது. அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில், இந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத பதிவுகளுக்குக் கீழே, இந்தியாவிலிருந்து கமென்ட்கள் வந்து கொட்டின. கிண்டல், அறிவுரை, சச்சினின் சாதனைப் பட்டியல், அப்புறம் பச்சையான ஆபாசம். நிறைய கமென்ட்கள் மலையாளத்தில் இருந்தன. இப்படிக் கூட்டமாகப் போய் ஒருவர் பக்கத்தில் கமென்ட் போட்டு நிரப்புவதைக் கேரளத்து இளைஞர்கள் ‘பொங்காலை’ என்றே சொல்வார்கள். ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலைக்கு லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டுவதை வைத்து வந்த பெயர் அது.

இந்த அலை எழுந்த நாட்களில் ஷரபோவா போட்டியிலேயே இல்லை. ஜூலை 1-ஆம் தேதி நான்காவது சுற்றில் ஆஞ்செலிக் கெர்பரிடம் மூன்று செட் போராடித் தோற்று வெளியேறியிருந்தார். சச்சினிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை, அவர் கிரிக்கெட் பார்ப்பவர் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார். யாருடைய மரியாதைக்காக இத்தனை பேர் கிளம்பினார்களோ, அவரே சமாதானம் ஆகிவிட்ட பிறகும் கமென்ட்கள் வந்துகொண்டிருந்தன.

விளையாட்டுச் செய்தியைப் படித்துக் கோபப்பட நியாயமான காரணங்கள் நிறையவே உண்டு. சூதாட்டம், ஊக்கமருந்து, வீராங்கனைகளுக்கு நடக்கும் பாலியல் அத்துமீறல், சங்கங்களில் குடும்ப ஆட்சி. இந்தச் சம்பவத்தில் அப்படி எதுவுமே இல்லை. இதனால் எந்த அணியும் தோற்கவில்லை, யாருக்கும் பணம் போகவில்லை, ஒரு ரெக்கார்டும் அழியவில்லை. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். வேறு எந்த நியாயமும் கலக்காமல், கோபம் எப்படிப் பிறக்கிறது, எதைத் தின்று வளர்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஷரபோவா 1987-ல் சைபீரியாவின் ந்யாகன் என்ற ஊரில் பிறந்தவர். செர்னோபில் விபத்துக்குப் பிறகு பெலாரஸின் கோமெல் பகுதியை விட்டுக் கிளம்பிய குடும்பம் அது. 1994-ல் அப்பாவோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார். அங்கே டென்னிஸ் அகாடமியில் வளர்ந்தார். 2004-ல், 17 வயதில், செரினா வில்லியம்ஸைத் தோற்கடித்து விம்பிள்டன் வென்றார். நாம் பேசுகிற பிரெஸ் மீட்டுக்கு மூன்று வாரம் முன்புதான் பிரெஞ்சு ஓப்பனை இரண்டாவது முறையாக வென்றிருந்தார். அது அவருடைய ஐந்தாவது கிராண்ட் ஸ்லாம். ‘யார் இந்த ஷரபோவா’ என்று எழுதிய பலருக்கு அவர் யார் என்பது நன்றாகவே தெரியும்.

சைபீரியா, ஃபுளோரிடா, வருடம் பூராவும் டென்னிஸ் சுற்றுப்பயணம். இந்தப் பாதையில் கிரிக்கெட் எந்த இடத்திலும் குறுக்கிடாது. அவர் சச்சினைத் தெரியும் என்று சொல்லியிருந்தால்தான் அது ஆச்சரியம்.

இதை நம் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். அலெக்சாண்டர் கரேலின் என்று ஒரு மல்யுத்த வீரர். அவரும் சைபீரியாக்காரர்தான், நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் பிறந்தவர். கிரேக்க-ரோமன் பிரிவில் 1988, 1992, 1996 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம். அடுத்து வெய்ன் கிரெட்ஸ்கி. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் இனி எந்த அணியிலும் யாரும் 99-ஆம் எண் சட்டையைப் போடக்கூடாது என்று, இவருக்காக அந்த எண்ணுக்கே ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ ஒரு கிரிக்கெட் கிளப்புக்குப் போய் இந்த இரண்டு பேரையும் தெரியுமா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அதற்காக அவர்கள் கரேலினையும் கிரெட்ஸ்கியையும் அவமதித்தார்கள் என்று ஆகிவிடாது.

ஆனாலும் ரசிகர்களுக்கு வலித்தது உண்மை, அந்த வலியை நான் லேசாகப் பார்க்கவில்லை. காலத்தைக் கவனிக்க வேண்டும். 2013 நவம்பர் 16 அன்று, தன் 200-வது டெஸ்ட்டை வான்கடே மைதானத்தில் முடித்துக்கொண்டு சச்சின் விடைபெற்றார். 2014 பிப்ரவரியில் பாரத ரத்னா விருதை வாங்கினார், அதைப் பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவர்தான். 24 வருடம் டிவி முன்னால் அவரோடு வளர்ந்த ஒரு தலைமுறை அந்தப் பிரிவிலிருந்து இன்னும் முழுதாக வெளியே வந்திருக்கவில்லை. இந்தியாவிலிருந்து போன ஒருவர் உலகத்தில் யாருக்கும் இளைத்தவர் இல்லை என்ற நம்பிக்கையை அந்தத் தலைமுறைக்குக் கொடுத்தவர் அவர். உலகத்தின் வேறொரு மூலையில், எல்லோரும் பார்க்கிற ஒரு மேடையில், அவரைத் தெரியாது என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லும்போது, ‘உலகமே கொண்டாடிய நம்மாள்’ என்று இத்தனை நாள் நம்பியதில் ஒரு கீறல் விழுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவும் 1976-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். பல்கலைக்கழக ஃபுட்பால் அணி ஜெயித்த வாரக் கடைசிக்கு அடுத்த திங்கட்கிழமை, மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டையை அதிகமாக அணிந்து வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்தபோது ‘நாம்’ என்றும் தோற்றபோது ‘அவர்கள்’ என்றும் பேசும் போக்கு இருந்தது. மட்டையைத் தொடாதவருக்கும் வெற்றியில் பங்கு உண்டு என்ற உணர்வு எல்லா ரசிகர்களுக்கும் பொது. சச்சினின் சதங்களில் அப்படிப் பங்கு எடுத்துக்கொண்டவர், சச்சினைத் தெரியாது என்ற பதிலிலும் தன் பங்குக்குக் காயப்படுகிறார்.

காயம் எங்கிருந்து வந்தது என்பதுவரை சரி. காயம்பட்ட எல்லோரும் கமென்ட் போடக் கிளம்புவதில்லையே. அந்த இடைவெளியை நிரப்பியது என்ன என்பதுதான் என் கேள்வி.

இரண்டு நாள் முன்னால் மெல்பர்னில்

ஷரபோவாவின் பிரெஸ் மீட்டுக்கு இரண்டு நாள் முன்னால், 2014 ஜூன் 26 அன்று, மெல்பர்ன் நகரத்தில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. கிரிக்கெட்டின் நிர்வாகமே அன்று மாறியது. ‘பிக் த்ரீ’ என்று பெயர் வாங்கிய ஏற்பாட்டின்படி, வருமானத்தில் பெரும் பங்கும் முடிவெடுக்கும் பலமும் இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்ற மூன்று வாரியங்கள் பக்கம் சாய்ந்தன. புதிதாக உருவாக்கப்பட்ட சேர்மன் பதவியில் சென்னையைச் சேர்ந்த என். சீனிவாசன் அமர்ந்தார். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸின் நிர்வாக இயக்குநர். ஐ.பி.எல். சூதாட்ட விவகார விசாரணையின் காரணமாக, அப்போது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பி.சி.சி.ஐ. தலைவர் பொறுப்பிலிருந்து ஒதுங்கி இருந்தவர். மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் நிரூபணமாகவில்லை என்று 2015 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், வாரிய நிர்வாகிகள் ஐ.பி.எல். அணிகளில் வணிக உரிமை வைத்துக்கொள்ள வழிசெய்த விதித் திருத்தத்தையும் ரத்து செய்தது.

கிரிக்கெட்டை நேசிக்கிற ஒருவர் அந்த வாரம் ஆதரித்தோ எதிர்த்தோ கத்த வேண்டிய விஷயம் என்று ஒன்று இருந்தால், அது மெல்பர்னில் நடந்ததுதான். வெஸ்ட் இண்டீஸ், இலங்கை, ஜிம்பாப்வே போன்ற நாடுகளின் கிரிக்கெட் வருமானம் அந்த முடிவில் இருந்தது. பத்திரிகைகள் எழுதத்தான் செய்தன. ஆனால் ஷரபோவாவுக்கு எழுந்த மாதிரி ஓர் அலை அதற்கு எழவில்லை.

ஏன் என்று யோசித்தால் பதில் கஷ்டமில்லை. மெல்பர்ன் முடிவைப் பற்றிக் கோபப்பட முதலில் படிக்க வேண்டும். வருமானப் பங்கீடு எப்படி இருந்தது, எப்படி மாறியது, ஐ.பி.எல். சூதாட்டத்தை விசாரித்த முத்கல் கமிட்டி என்ன சொன்னது, உச்ச நீதிமன்றம் எதை நிறுத்தியது என்று ஒரு மணி நேரமாவது செலவழிக்க வேண்டும். படித்த பிறகும் யார்மேல் கோபப்படுவது என்பது தெளிவாக இருக்காது. இந்திய வாரியத்துக்கு அதிகப் பணம் வந்தால் நமக்கு நல்லதுதானே என்பார் ஒரு நண்பர். சி.எஸ்.கே. ரசிகரான தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வான். கருத்துச் சொன்னால் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.

ஷரபோவா விஷயத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஐந்து விநாடியில் தலைப்பைப் படித்து முடித்துவிடலாம். கிரிக்கெட் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே நிமிடத்தில் கருத்துச் சொல்லிவிடலாம். எதிராளி ஒரே ஆள், வெளிநாட்டுக்காரர், நம் வட்டத்தில் யாருக்கும் உறவும் இல்லை, நட்பும் இல்லை. அவரைத் திட்டினால் இந்தியாவில் ஒரு நண்பரைக்கூட இழக்க மாட்டோம். திட்டுவதற்கு அவருடைய பக்கமும் திறந்தே கிடக்கிறது. மெல்பர்ன் தீர்மானத்துக்கு அப்படி ஒரு முகமும் இல்லை, கமென்ட் பெட்டியும் இல்லை.

அற்பச் செய்திக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று பலரும் வியக்கிறார்கள். இந்தச் சம்பவத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, செய்தி அற்பமாக இருப்பதால்தான் கோபம் இவ்வளவு தூரம் போக முடிகிறது என்பது. செய்திக்குள் சரிபார்க்க ஒன்றும் இல்லை, அதனால் யாரும் எங்கேயும் நின்று யோசிப்பதில்லை.

கோபத்துக்குக் கிடைக்கும் கூலி

யேல் பல்கலைக்கழகத்தில் ஜிலியன் ஜோர்டனும் சகாக்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. தனக்கு நேரடியாகப் பாதிப்பு இல்லாத தவறுக்காக ஒருவரைத் தண்டிக்க முன்வருகிறவரை, மற்றவர்கள் நம்பத்தகுந்தவராகப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது, கோபப்படுபவருக்குத் தன் கூட்டத்தில் நல்ல பெயர் கிடைக்கிறது. நேருக்கு நேர் வாழ்க்கையில் இப்படிக் கோபப்பட ஒரு விலை உண்டு. எதிராளி பதிலுக்குக் கத்தலாம், கை வைக்கலாம். ஃபேஸ்புக்கில் அந்த விலை அனேகமாக இல்லை, நல்ல பெயர் மட்டும் மிச்சம்.

அதே யேலில் வில்லியம் பிரேடி, மோலி கிராக்கெட் ஆகியோர் 2021-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 7,331 பேருடைய ட்விட்டர் கணக்குகள், சுமார் 1.27 கோடி ட்வீட்டுகள். அறச்சீற்றத்தைக் காட்டும் பதிவுக்கு லைக்கும் ரீட்வீட்டும் அதிகமாகக் கிடைத்தவர்கள், பின்னால் அதே மாதிரிப் பதிவுகளை அதிகமாகப் போட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவை அரசியல் விவாதங்கள், விளையாட்டு அல்ல. ஆனாலும் அதில் ஒரு கண்டுபிடிப்பை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பழக்கம், தீவிரக் கருத்துக்காரர்கள் நிறைந்த வட்டங்களைவிட மிதமானவர்கள் இருக்கிற வட்டங்களில்தான் வலுவாக ஏறியது. ஷரபோவாவின் பக்கத்தில் போய் எழுதியவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைச் சண்டைக்காரர்கள் அல்ல, சாதாரண ரசிகர்கள் என்று நான் நினைப்பதற்கு இது இடம் கொடுக்கிறது.

இயந்திரத்தின் பங்கும் உண்டு. 2014-ல் ஃபேஸ்புக்கில் கோப முகம் காட்டும் பொத்தான் கிடையாது, அது 2016-ல்தான் வந்தது. அப்போது இருந்தவை லைக், கமென்ட், ஷேர். அந்த ஆண்டில்தான் இந்தியாவில் ஃபேஸ்புக் பயனர்கள் 10 கோடியைத் தாண்டினார்கள். கையில் முதல் ஸ்மார்ட்போன், அதில் புதிதாக ஒரு கணக்கு, உலகப் புகழ்பெற்ற ஒருவரின் பக்கத்தில் தன் பெயரோடு ஒரு வரி பதிகிற வாய்ப்பு. அந்தக் கிளர்ச்சியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இந்த அலையை விளக்க முடியாது. பின்னால் நிலைமை மோசமானது. 2017-லிருந்து ஃபேஸ்புக், எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று முடிவுசெய்யும் தன் கணக்கீட்டில் ஒரு கோப முகத்துக்கு ஐந்து லைக்குகளின் மதிப்பைக் கொடுத்தது. மற்ற முகங்களுக்கும் அதே மதிப்புதான், ஆனால் கோபத்தைக் கிளப்பும் பதிவுகள் அதனால் முன்னுக்கு வந்தன. படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில்தான் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். இந்த விவரம் வெளியே தெரிய 2021 ஆகிவிட்டது.

கமென்ட்கள் யாருக்காக எழுதப்பட்டன?

நான் அதிகம் யோசித்தது அந்தக் கமென்ட்களின் மொழியைப் பற்றி. ஷரபோவாவுக்கு மலையாளம் தெரியாது. எழுதியவர்களுக்கும் அது தெரியும். அவருக்குத் தங்கள் வருத்தத்தைச் சொல்வதுதான் நோக்கம் என்றால், ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதக்கூடியவர்கள்கூட ஏன் மலையாளத்தில், அதுவும் சினிமா வசனமும் உள்ளூர்க் கிண்டலும் கலந்து எழுத வேண்டும்?

அவை அவருக்காக எழுதப்பட்டவை அல்ல. பக்கத்தில் நின்று படிக்கிற சக மலையாளிக்காக எழுதப்பட்டவை. லைக் போடப்போவது அவர், சிரிக்கப்போவதும் அவர். ஷரபோவாவின் பக்கம் அவர்கள் கூடிப் பேசக் கிடைத்த ஒரு திண்ணை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். முதலில் வந்தவர்களுக்கு ஓரளவு நிஜமான கோபம் இருந்திருக்கலாம். அடுத்து வந்தவர்கள் வேடிக்கைக்கு வந்தவர்கள். அதற்கும் அடுத்தவர்கள், எல்லோரும் போகிறார்கள், நாமும் போகாவிட்டால் எப்படி என்று வந்தவர்கள். வெளியிலிருந்து எண்ணுகிறவருக்கு அத்தனையும் ‘கோபம்’ என்ற ஒரே கணக்கில் விழுகிறது. மறுநாள் செய்தியில் ‘இந்திய ரசிகர்கள் கொந்தளிப்பு’ என்று வருகிறது. திருவிழாக் கூட்டத்தையும் கலவரக் கூட்டத்தையும் தலையை எண்ணி வேறுபடுத்த முடியாது.

ஆனால் வாங்கிக்கொள்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் ஓர் ஆறுதலும் தருவதில்லை. அந்தக் கமென்ட்களில் ஒரு பகுதி, அவர் பெண் என்பதற்காகவே எழுதப்பட்ட ஆபாசம். வேடிக்கைக்கு வந்தவர்களின் சிரிப்பு அந்த ஆபாசத்துக்கு மறைப்பாக இருந்தது. இது ஷரபோவாவோடு நிற்கவில்லை. 2015 மார்ச் 26 அன்று சிட்னியில் உலகக் கோப்பை அரையிறுதி. விராட் கோலி 1 ரன்னில் அவுட், இந்தியா 95 ரன் வித்தியாசத்தில் தோல்வி. திட்டு வாங்கியது ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த அவருடைய காதலி, நடிகை அனுஷ்கா சர்மா. ஒரு வருடம் கழித்து, மொகாலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 82 ரன் அடித்து ஜெயிக்கவைத்த கையோடு, அனுஷ்காவைத் தொடர்ந்து கேலி செய்தவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று கோலி வெளிப்படையாக எழுதினார். தன் பேட்டிங் நன்றாக இருக்கும் நாளில்தான் அதைச் சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2021: மன்னிப்புக் கேட்கப் போன கூட்டம்

ஏழு வருடம் கழித்து இந்தக் கதை திரும்பி வந்தது. டெல்லி எல்லையில் விவசாயிகள் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 2021 பிப்ரவரி 2 அன்று பாடகி ரிஹானா அதைப் பற்றி ஒரு ட்வீட் போட்டார். மறுநாள் சச்சின், இந்தியாவின் இறையாண்மையை விட்டுக்கொடுக்க முடியாது, வெளியார் பார்வையாளராக இருக்கலாம், பங்கேற்பாளராக இருக்க முடியாது என்ற பொருளில் பதிவிட்டார். விவசாயிகளை ஆதரித்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். கொச்சியில் இளைஞர் காங்கிரஸார் சச்சினின் கட்அவுட்டில் கறுப்பு எண்ணெய் ஊற்றினார்கள்.

ஷரபோவாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் மறுபடியும் மலையாளக் கமென்ட்கள் குவிந்தன. இந்த முறை மன்னிப்பு. சச்சினைத் தெரியாது என்று நீங்கள் சொன்னதுதான் சரி, எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கேரளத்துக்கு வாருங்கள், பூரம் திருவிழா பார்க்கலாம் என்று. ஷரபோவா அதற்கு ஒரு வருடம் முன்பே டென்னிஸிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

இதை அழகான மனமாற்றம் என்று அப்போது பலர் எழுதினார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. அதில் உண்மையாக வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அலையின் குறி சச்சின். 2014-ல் சச்சினைத் தூக்கிப்பிடிக்க ஷரபோவா தேவைப்பட்டார், 2021-ல் சச்சினைக் குத்திக்காட்டவும் அவரே தேவைப்பட்டார். இரண்டு முறையும் மலையாளம், இரண்டு முறையும் கிண்டல், இரண்டு முறையும் அவருக்கு அதில் பேச்சே இல்லை. அவர் வாங்கிய ஆபாசத்துக்கு அந்த மன்னிப்பு ஈடாகவும் இல்லை.

கூட்டம் இப்படித் திரும்புவது அபூர்வம் அல்ல. 2023 டிசம்பரில் மும்பை இந்தியன்ஸ் அணி ரோஹித் சர்மாவை மாற்றி ஹர்திக் பாண்டியாவைக் கேப்டன் ஆக்கியது. ஒரு தனியார் அணியின் நிர்வாக முடிவு, அவ்வளவே. 2024 ஐ.பி.எல். முழுக்க மைதானத்துக்கு மைதானம் பாண்டியாவுக்கு ஊளை, சொந்த மைதானமான வான்கடேயிலும். ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை, பந்து பாண்டியா கையில், இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. ஜூலை 4 அன்று அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. நடுவில் அவர் குடித்த கசப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

எல்லாமே விளையாட்டாக முடிவதில்லை

சின்ன விஷயத்துக்கான கோபம் தானாக ஆறிவிடும், விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் 2022 செப்டம்பர் 4-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். துபாயில் ஆசியக் கோப்பை, பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். ஆசிஃப் அலி அடித்த ஒரு சுலபமான கேட்ச்சை அர்ஷ்தீப் சிங் நழுவவிட்டார். கடைசி ஓவர்வரை போன ஆட்டத்தில் இந்தியா தோற்றது. கேட்ச் விடாத ஃபீல்டர் உலகத்தில் பிறக்கவில்லை. ஆனால் 23 வயதான அந்த சீக்கிய இளைஞரைக் காலிஸ்தானி, அதாவது சீக்கியர்களுக்குத் தனிநாடு கேட்கும் பிரிவினைவாதி என்று திட்டினார்கள். அவருடைய விக்கிபீடியா பக்கத்திலேயே போய் அப்படித் திருத்தி எழுதினார்கள். மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் விக்கிபீடியாவிடம் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது.

வழிமுறை அதேதான்: ஒரே முகம், ஐந்து விநாடியில் புரிகிற குற்றம், சரிபார்க்க ஒன்றுமில்லாத செய்தி. ஷரபோவாவுக்குக் கிண்டலாக வந்தது, அர்ஷ்தீப்புக்கு அவருடைய மதத்தின் மேலும் நாட்டுப்பற்றின் மேலும் வந்து விழுந்தது. கூட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கிற வெறுப்பு எதுவோ, அதுதான் இந்தத் திறப்பு வழியாக வெளியே வருகிறது. செய்தியின் அளவை வைத்து அதன் விளைவைக் கணிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். அர்ஷ்தீப் 2024 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தார். ஆனால் அவர் அப்படி நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது.

செய்தி அறையின் பொறுப்பு

ரசிகர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இந்த ஆய்வை முடிக்க எனக்கு மனம் இல்லை. ஷரபோவா எந்த அறிக்கையும் விடவில்லை. ஒருவர் கேட்டார், அவர் உண்மையைச் சொன்னார். தலைப்பில் கேள்வி காணாமல் போய், பதில் மட்டும் நின்றது. கேள்வி போனதும், கேட்டதற்குச் சொன்ன உண்மை, தானாக முன்வந்து சொன்ன அலட்சியமாகத் தெரிய ஆரம்பித்தது. பெக்காமைப் பற்றி நன்றாகப் பேசினார், சச்சினைத் தெரியாது என்றார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அது ஒரு ஒப்பீடாகவும் ஆகிவிட்டது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் நடந்தது வேறு, வாசகர் புரிந்துகொண்டது வேறு.

இரண்டாம் நாள் செய்திதான் இன்னும் ஆபத்து. நாலைந்து கோபமான ட்வீட்டுகளை எடுத்து ஒட்டி, ரசிகர்கள் கோபம் என்று ஒரு செய்தி. அதைப் படித்துத்தான் பலருக்கு, கோபப்பட வேண்டிய விஷயம் ஒன்று நடந்திருப்பதே தெரிகிறது. அவர்களும் போய்ச் சேர்கிறார்கள். அப்புறம் ஹேஷ்டேக் டிரெண்டிங் என்று இன்னொன்று, சச்சின் பதில் என்று மற்றொன்று. ‘தெரியாது’ என்ற ஒரு பதிலிலிருந்து ஒரு வாரத்துக்குச் செய்தி கறந்துவிடலாம். செலவு கிடையாது, நிருபர் வெளியே போக வேண்டியதில்லை, கிளிக் நிச்சயம். மெல்பர்ன் தீர்மானத்தை விளக்கி எழுத, ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அதைப் படிக்கவும் ஆள் குறைவு. எடிட்டர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

என் கோரிக்கை பெரியது அல்ல. பிரெஸ் மீட் பதிலைத் தலைப்பாக்கினால், முதல் பத்தியிலேயே கேள்வியும் இருக்க வேண்டும். ட்விட்டரில் நாலு பேர் கோபப்பட்டதைத் தனிச் செய்தியாக்கக் கூடாது. விளையாட்டுப் பக்கங்களை நடத்துகிறவர்கள் இந்த இரண்டைக் கடைப்பிடித்தாலே ஷரபோவா மாதிரியான சம்பவங்களில் பாதி பிறக்காமல் போகும் என்று நம்புகிறேன்.

ஏனென்றால் பிறந்த பிறகு தடுக்க இன்றுகூடச் சரியான கருவி இல்லை. கத்தார் உலகக் கோப்பையின்போது ஃபிஃபா வீரர்களின் சமூக வலைதளக் கணக்குகளைக் காக்க ஒரு சேவையைக் கொண்டுவந்தது. டென்னிஸிலும் விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, மகளிர் டென்னிஸ் சங்கம் எல்லாம் சேர்ந்து 2024 தொடக்கத்திலிருந்து ‘த்ரெட் மேட்ரிக்ஸ்’ என்ற கண்காணிப்பை நடத்துகின்றன. அந்த ஓர் ஆண்டில் சுமார் 16 லட்சம் பதிவுகளைச் சோதித்து, ஏறக்குறைய 8,000 பதிவுகளை வசை என்று உறுதிசெய்தார்கள். 458 வீரர், வீராங்கனைகள் அவற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். அந்த வசையில் 40 சதவீதம், பந்தயத்தில் பணம் விட்டவர்களின் கோபம். மிரட்டலையும் ஆபாசத்தையும் இத்தகைய சேவை பிடிக்கும், அது நல்ல விஷயம். ஆனால் ‘யார் இந்த ஷரபோவா’ என்ற வரி எந்த விதியையும் மீறவில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த வாரம் வந்த கமென்ட்களில் கணிசமானவை தப்பானவையே அல்ல. ஒரே ஆள்மேல் ஒரே நேரத்தில் விழுந்த எண்ணிக்கைதான் பாரம், அதை எந்தச் சல்லடையாலும் பிடிக்க முடியாது.